பேசும் கருவியோடு தனிக்குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறவியிலேயே செரிப்ரல் பால்சி. காது நன்றாகக் கேட்கும், மூளை அதன் வேலையைச் செய்யும், வாயும் கைகாலும்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு டேப்லெட் எனக்காகப் பேசுகிறது. நான்கு வருடமாக வேளச்சேரியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறேன். புதிதாகச் சந்திக்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால்தான் இது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?

தட்டுவதை உரக்கப் படிக்கும். அவ்வளவுதான். சிலருக்குத் திரையில் படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும்; படத்தைத் தொட்டால் சொல் வரும். எனக்கு எழுத்துப் பலகை. விரல் நடுங்கிப் பக்கத்து எழுத்தில் விழாமல் இருக்க, திரைமேல் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன்.

விரலும் வராதவர்களுக்கு ஸ்விட்ச் உண்டு. கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டியது வரும்போது தலையாலோ முட்டியாலோ ஸ்விட்சை அழுத்த வேண்டும். ஒரு நொடி தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். கண்ணாலேயே தட்டும் கருவிகளும் இருக்கின்றன. கருவிழி எங்கே பார்க்கிறது என்பதை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளும்.

சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இந்தியப் பிள்ளைகளுக்கு என்றே உருவான முதல் கருவிகளில் ஒன்று இந்த ஊரில்தான் பிறந்தது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய 'ஆவாஸ்'. 2010 வாக்கில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட் செயலியாக மாறியது.

ஸ்டீபன் ஹாக்கிங் வைத்திருந்தாரே, அதுவா?

அதே குடும்பம். அந்த இயற்பியலாளருக்குத் தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். 1985-ல் நிமோனியாவும் வந்து, உயிரைக் காப்பாற்றத் தொண்டையில் துளையிட்டார்கள். மிச்சமிருந்த பேச்சும் அதோடு போயிற்று. முதலில் கையால் பட்டனை அழுத்தினார், கையும் போனபின் கன்னத் தசையின் அசைவால். அவர் பேசிய குரல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளர் தன் சொந்தக் குரலை வைத்து உருவாக்கியது. பின்னாளில் இன்னும் நல்ல குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் ஒருவர் அமெரிக்க உச்சரிப்பில் பேசியபடியே வாழ்ந்தார். எனக்கு அது புரிகிறது. என் கருவியின் குரலை அப்டேட் ஒன்று ஒருநாள் தானாக மாற்றிவிட்டது. வேறு யாரோ என் வீட்டில் புகுந்து என் பெயரைச் சொல்வதுபோல இருந்தது. பழைய குரலைத் தேடி எடுத்துப் போடும்வரை யாரிடமும் பேசவில்லை.

மற்றபடி ஒப்பிடாதீர்கள். அவர் கருந்துளை பற்றிப் பேசினார். நான் பெரும்பாலும் தண்ணி மோட்டார் பற்றிப் பேசுகிறேன்.

தனியாக என்றால், முழுக்கத் தனியாகவா?

காலை 7 மணிக்கு ஒரு அக்கா வருவார். குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டு 10 மணிக்குப் போவார். மாலை 6 முதல் 9 வரை ஒரு தம்பி. நடுவிலும் இரவிலும் யாரும் இல்லை.

"அப்போ அதெப்படிங்க தனியா?" என்று உடனே கேட்பார்கள். இப்படிச் சொல்கிறேன். அம்மா வீட்டில் இருந்தபோது எனக்குக் காபி பிடிக்காது என்பது அம்மாவுக்கு என் 22-வது வயதில்தான் தெரிந்தது. காபியா டீயா என்று யாரும் கேட்டதில்லை. காபி வரும், குடிப்பேன். பள்ளியில் எழுத்துகளைக் காட்டிப் பேச ஒரு எழுத்து அட்டை இருந்தது. ஆனால் அது பள்ளியிலேயே தங்கிவிடும். வீட்டில் தலையை ஆட்டுவதுதான் பேச்சு. கருவி வந்த முதல் வாரத்தில் 'எனக்கு டீ' என்று தட்டினேன். அம்மா அழுதார். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். 'இத்தனை வருஷம் பிடிக்காததையா ஊத்திக் குடுத்தேன்' என்றுதான் அழுதார்.

இப்போது யார் எத்தனை மணிக்கு வருவது, ரசத்தில் பூண்டு எவ்வளவு, யாருக்குச் சம்பளம் எவ்வளவு எல்லாம் நான் சொல்வது. முன்பிருந்த உதவியாளர் ஒருவர் நல்லவர், ஆனால் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், பதில் அவரிடமிருந்து வரும். பல முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு இரவு உட்கார்ந்து நாலு வரி தட்டி வைத்து, காலையில் வந்ததும் ஒரே பட்டனில் சொன்னேன்: அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம். என் கருவி பேசியதிலேயே எனக்கு அதிகம் வியர்த்த வாக்கியம் அதுதான்.

அமெரிக்காவில் ரிக் ஹாய்ட் என்பவர் இருந்தார். அப்பா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடி பாஸ்டன் மாரத்தான் ஓடிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1970-களில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அவருக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். முதல் சொல் அம்மாவா அப்பாவா என்று வீடே காத்திருந்ததாம். அவர் தட்டியது 'கோ, புரூயின்ஸ்'. அது பாஸ்டனின் ஐஸ் ஹாக்கி அணி! அவர் 1993-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். உதவியாளர்களை வைத்துக்கொண்டு தனி வீட்டில் வாழ்ந்தார். அப்பா தள்ளிய கதையையே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தனி வீடுதான் பெரிசாகத் தெரிகிறது.

பதில் சொல்ல ஏன் இவ்வளவு நேரம்?

வாயால் பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொல் போல அனாயாசமாகப் பேசுவார். நான் நல்ல நாளில் எட்டு. குளிர் நாளில் ஐந்து. நீங்கள் ஒரு கேள்வி கேட்டு, நான் மூன்றாவது சொல்லில் இருக்கும்போது அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் முதல் பதில் குப்பைக்குப் போகிறது. அதனால் என் திரையின் மேல் ஓரத்தில் நிரந்தரமாக ஒரு பட்டன்: 'இருங்க, இன்னும் முடிக்கல.' அதற்குப் பக்கத்தில்: 'இல்ல, நான் சொல்ல வந்தது அது இல்ல.'

இரண்டாவது பட்டன் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிறவர்களுக்கு. கேட்டுவிட்டு முடித்தால் தவறில்லை. நெருங்கிய நண்பர்கள் பாதியில் பிடித்துக்கொண்டால் எனக்கும் விரல் மிச்சம். ஆனால் திரையை எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படிக்காதீர்கள். இன்னும் பேசாததைப் படிப்பது, ஒருவர் மனதுக்குள் யோசிப்பதை ஒலிபெருக்கியில் போடுவது மாதிரி. பாதி நேரம் அந்த வரியை நான் அழித்துவிடுவேன்.

அது தமிழ் பேசுமா?

பேசும். எந்தத் தமிழ் என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் ஆட்டோக்காரரிடம் கருவி இப்படிச் சொல்லும்: "நான் கோட்டூர்புரம் செல்ல வேண்டும். கட்டணம் எவ்வளவு?" அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்று. இப்போது பேச்சுத் தமிழை அப்படியே எழுத்தாகத் தட்டுகிறேன்: "அண்ணே, கோட்டூர்புரம் வர்றீங்களா, எவ்ளோ?" செந்தமிழுக்கு ஒரு ரேட், 'அண்ணே'வுக்கு ஒரு ரேட். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் சொல்லை ஊகித்துக் கொடுக்கும் வசதி செய்தித்தாள் படித்து வளர்ந்தது போலிருக்கிறது. 'போ' என்று தட்டினால் 'போக்குவரத்து' என்று நீட்டும். 'போறேன்' வர மாதக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது.

அடுத்தது மரியாதை. படக்கட்டச் செயலிகள் பலவும் ஆங்கிலத்தை மனதில் வைத்து, அதுவும் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்டவை. 'வருவது' என்ற படத்தைத் தொட்டால் 'வா' என்று வரும். நான் முப்பது வயசுக்கு மேல் ஆன ஆள், வீட்டுக்காரரைப் பார்த்து 'வா, உட்கார்' என்றால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அதனால் தனியாக ஒரு பட்டன் செய்துகொண்டேன்: 'ங்க'. வா-ங்க, குடு-ங்க, சொல்லு-ங்க. துளைத் தட்டில் அந்த ஒரு துளையின் விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

வேற்றுமை உருபு வேறு தனிக் கூத்து. ஆங்கிலத்தில் 'இல்', 'க்கு', 'இருந்து' போன்றவை தனித்தனிச் சொற்கள், தனித்தனிப் படங்களாக வைக்கலாம். தமிழில் அவை பெயரோடு ஒட்டி, பெயரின் உருவத்தையே மாற்றும். வீடு வீட்டுக்கு ஆகும், மரம் மரத்துக்கு ஆகும். ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக வைத்தால் கருவி 'வீடு இல்' என்று படிக்கும். வீடு இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் நான் படங்களை விட்டு எழுத்துக்கு வந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வழி இல்லை. தமிழில் படக்கட்டம் செய்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது.

பிறகு உச்சரிப்பு. மாலையில் வரும் தம்பியை இங்கே பாலு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு, சிக்கல் ஒன்றுதான். தமிழ் எழுத்தில் ஆங்கில P-க்கும் B-க்கும் ஒரே 'ப'. என் கருவி அவனைக் கூப்பிடுவது, பால்காரரிடம் கேட்பதுபோல: 'பாலு வந்தாச்சா?' இரண்டு வாரம் சிரித்தான். மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை. கடைசியில் அவனையே அவன் பெயரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து பட்டனாக வைத்தேன். இப்போது நான் கூப்பிட்டால் அவன் குரலே அவனைக் கூப்பிடுகிறது. கதவுக்கு வெளியே நின்று கேட்கிறவர்களுக்கு உள்ளே இரண்டு பேர் இருப்பதாகத் தோன்றும்.

வங்கி வேலையெல்லாம் எப்படி?

கிளையில் ஆளைப் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் நடந்துவிடும். வீடியோவில்தான் வினை. ஒரு வங்கியின் அடையாளச் சரிபார்ப்பில், திரையில் வரும் எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். கருவி படித்தது. "ரெக்கார்டு பண்ண குரல் கூடாது சார், நீங்களே பேசுங்க." நான் தட்ட ஆரம்பித்தேன்: 'இது ரெக்கார்டு இல்ல, இதுதான் நான்...' மூன்றாவது சொல்லில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மூன்று நாள், மூன்று அதிகாரிகள், அதே வாக்கியம்.

நேரில் இருக்கும் ஆள்தான் என்று காட்டக் கண் சிமிட்டச் சொல்வது போன்ற இப்படிப்பட்ட சரிபார்ப்பை எதிர்த்து, கண் சிமிட்ட முடியாத அமில வீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் வசதி எட்டுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, சரிபார்ப்பு முறையை மாற்ற 20 உத்தரவுகள் போட்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 'தொடர்பு' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போதே இப்படிப்பட்ட மாற்று வழிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

தீர்ப்பு எனக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் மட்டும் வேண்டுமென்றே செந்தமிழ்: "ஐயா, இது முன்பே பதிவு செய்யப்பட்ட குரல் அல்ல. நான் இப்போது தட்டச்சு செய்வதையே இக்கருவி பேசுகிறது." அலுவலகங்களில் செந்தமிழுக்கு நாற்காலி கிடைக்கிறது. ஆட்டோவில் பலிக்காதது அங்கே பலிக்கும்.

ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால்? கரண்ட் போனால்?

கட்டிலோரம் ஒரு மணி ஸ்விட்ச். அதன் ஒயர் மாடி வீட்டுக்குப் போகிறது. போனில் 112 செயலி. கருவியில் தயாராக ஒரு செய்தி: 'நான் பேச முடியாதவன், இது கருவியின் குரல், போனை வைக்காதீர்கள், என் விலாசம் இது.' மாதம் ஒருமுறை மாடி வீட்டு மாமாவோடு ஒத்திகை பார்ப்போம்.

கரண்ட் பற்றி 2023 டிசம்பர் வரை எனக்கு ஒரு தைரியம் இருந்தது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியது. முதல் இரவு பவர் பேங்கில் ஓடியது. இரண்டாவது நாள் மாலை திரை கறுத்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், அக்காவும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. கரண்டில் வேலை செய்யும் அந்த மணி, கரண்டே இல்லாதபோது எப்படி அடிக்கும்? அதை மாட்டிய அன்று யாரும் யோசிக்கவில்லை.

இருட்டிய பிறகு மாடி வீட்டு மாமா மெழுகுவத்தியோடு தானாக இறங்கி வந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய எழுத்து அட்டையைக் கண்ணால் காட்டினேன். அவர் விரலை வரிசை வரிசையாக நகர்த்த வேண்டும், சரியான வரிசை வந்ததும் நான் கண்ணை மூடித் திறப்பேன், பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக. 'மா' வரவே வெகுநேரம் ஆயிற்று. "மாமாவா? என்னையா சொல்ற?" இல்லை. "மாவா? பசிக்குதா?" இல்லை. மெழுகு அவர் கையில் சொட்டியது. 'த்' வந்ததும் அவர் முகம் மாறியது. "மாத்திரை!" வலிப்பு மாத்திரை மேல் அலமாரியில் இருந்தது, காலையிலிருந்து போடவில்லை.

இப்போது பவர் பேங்க் மூன்று. மணி பேட்டரியில் ஓடுகிறது. லேமினேட் செய்த அட்டைகள் ஆறு: படுக்கையில், குளியலறையில், நாற்காலிப் பையில், மாமா வீட்டு ஃபிரிட்ஜ்மேல், அக்கா பையில், தம்பி வண்டியில். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் முதலில் அட்டையைச் செய்யுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டில் இதற்கென்றே செய்யும் கருவிகள் லட்சங்களில். சாதாரண டேப்லெட்டும் ஒரு செயலியும் பலருக்குப் போதும். இலவசச் செயலிகளும் உண்டு. ஐஐடி பம்பாயில் உருவான 'ஜெல்லோ' அதில் ஒன்று. டேப்லெட்டைவிட, அதை நாற்காலியில் பிடித்து நிறுத்தும் தாங்கிதான் தலைவலி. என்னுடையதை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன், நான்காவது முயற்சியில் சரியாக வந்தது.

என் பிள்ளைக்குக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடாதா?

பெற்றோர் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. 2006-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி ஒரு தொகுப்பு வந்தது. அதில் நம்பகமான ஆதாரம் உள்ள 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பத்தில் ஒன்பது பேர்போல் கொஞ்சமாவது கூடியது. 'பேச்சு வருதான்னு பார்ப்போம்' என்று காத்திருக்கும் வருடங்களில்தான் பிள்ளை, தான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று கற்றுக்கொள்கிறது.

ஒன்று செய்யுங்கள். கருவியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு 'பேசு' என்று நிற்காதீர்கள். நீங்களும் அதிலேயே தட்டிப் பேசுங்கள், சமைக்கும்போதும் சண்டை போடும்போதும். முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள். 'வேணும்' என்ற பட்டன் வைக்கும் அன்றே 'வேணாம்' பட்டனும் வையுங்கள். பல வீடுகளில் இரண்டாவது இருப்பதே இல்லை.

அதில் கெட்ட வார்த்தை உண்டா?

உண்டு. நானே சேர்த்தேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்குப் போன் செய்யலாமா?

தாராளமாக. எடுத்ததும் ஏழெட்டு நொடி ஒன்றும் கேட்காது. 'ஹலோ, ஹலோ' என்று கத்தாதீர்கள், சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு ஆண் குரல் கொஞ்சம் தட்டையாக 'சொல்லுங்க' என்று சொல்லும். கிரெடிட் கார்டு விற்கும் குரல் என்று நினைத்து நீங்கள் வைத்துவிடாதீர்கள்.

கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் மட்டும் அந்த ஏழு நொடிக்குள் அவர்களாகவே வைத்துவிடுகிறார்கள். அதில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.